அஞ்சு வயசில் பாடிய பாட்டு... ஆயுசு முழுக்க ஏன் கூடவே வருகிறது?

சின்ன வயதில் சண்டே ஸ்கூலுக்கோ, மறைக்கல்வி வகுப்புக்கோ போனவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு சின்ன டெஸ்ட். ஏழு வயதில் கேட்ட பிரசங்கம் ஏதாவது ஒன்று ஞாபகம் இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்... பெரும்பாலும் வராது. சரி, அந்த வயதில் கைதட்டிப் பாடிய பாட்டு? முதல் வரியை நினைத்ததுமே அடுத்த வரி வந்து நிற்கும். ஆக்‌ஷன் சாங் என்றால் கைகூட லேசாக அசையும்!

சர்ச்சுக்குப் போவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆனவர்களுக்கும் இதே கதைதான். வசனம் மறந்திருக்கும், வகுப்பெடுத்த டீச்சர் பெயர் மறந்திருக்கும். பாட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

இது ஏதோ நம்ம காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. விவிலியத்தில் உபாகமம் 31-ம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். மோசே சாகப்போகிறார். 'இந்த ஜனங்கள் என்னை விட்டு விலகிப் போவார்கள்' என்று கடவுள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அதற்கு என்ன ஏற்பாடு தெரியுமா? ஒரு பாட்டு. அதை எழுதி, அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார். நியாயப்பிரமாணப் புத்தகம் உடன்படிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. பாட்டோ ஜனங்களின் வாயில் வைக்கப்பட்டது. பிள்ளைகளின் பிள்ளைகள் வரைக்கும் அது மறக்காது, கஷ்டம் வரும்போது அதுவே சாட்சி சொல்லும் என்பதுதான் காரணம்.

ஒரு குழந்தைப் பாட்டு எப்படி ஒரு மனிதனின் விசுவாசத்தோடு கடைசிவரை நடந்து வருகிறது? உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த ஒரு சண்டே ஸ்கூல் பாட்டிலிருந்தே தொடங்கலாம்.

நாவலுக்குள் பிறந்த பாட்டு

'ஜீசஸ் லவ்ஸ் மீ'. ஆங்கிலத்திலோ, தமிழிலோ இதைக் கேட்காத சண்டே ஸ்கூல் பிள்ளை இருக்க முடியாது. 'இயேசுவுக்கு என்மேல் அன்பு' என்ற ஒற்றை வரிச் செய்திதான். இது ஜாலியாகக் கைதட்டிப் பாட எழுதப்பட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை வேறு.

நியூயார்க்கில் வசதியாக வாழ்ந்த குடும்பம் வார்னர் குடும்பம். 1837-ல் அமெரிக்காவில் வந்த பொருளாதாரச் சரிவில், வக்கீலான அப்பா சொத்தை இழந்தார். ஹட்சன் நதியில் இருக்கும் கான்ஸ்டிடியூஷன் தீவுக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. பிழைப்புக்காக சூசன், அன்னா என்ற இரண்டு மகள்களும் பேனாவைக் கையில் எடுத்தார்கள். அக்கா சூசன் எழுதி 1850-ல் வெளிவந்த நாவல் பெரிய ஹிட். பிறகு இருவரும் சேர்ந்து எழுதி 1860-ல் வெளிவந்த நாவல்தான் 'சே அண்ட் சீல்'. அதில் ஜானி என்ற சிறுவன் நோயில் படுத்திருக்கிறான். இனி பிழைக்க மாட்டான். அவனுடைய சண்டே ஸ்கூல் ஆசிரியர் அவனைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுகிறார். அந்தக் காட்சிக்காக அன்னா எழுதிய வரிகள்தான் இவை.

அதாவது, சாகப்போகும் ஒரு குழந்தையைத் தேற்ற எழுதப்பட்ட பாட்டு இது. உடம்பு முடியாமல் கிடந்தாலும் இயேசு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார் என்று ஒரு சரணமே உண்டு. இன்றைக்கு வகுப்பில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்!

1862-ல் வில்லியம் பிராட்பரி என்ற இசையமைப்பாளர் இதற்கு மெட்டுப் போட்டார். நாம் திரும்பத் திரும்பப் பாடும் பல்லவி அன்னாவின் கவிதையில் இல்லை. அது பிராட்பரி சேர்த்தது. பாட்டு உலகம் சுற்றியதில் அந்தப் பல்லவிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐந்தே ஸ்வரம்

மெட்டில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் உடனே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தப் பாட்டு முழுவதும் ஐந்தே ஸ்வரங்கள்தான்: ச, ரி, க, ப, த. மத்யமமும் நிஷாதமும் கிடையாது. ஆமாம், நம்ம மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள். 'அக்னி நட்சத்திரம்' படத்தில் வரும் 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டும் மோகனம்தான். ஒரு ராகம் என்று சொல்ல கமகமும் சஞ்சாரமும் வேண்டும் என்பதால் இதை மோகனப் பாட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஸ்வரங்கள் அதேதான்.

இந்த ஐந்தில் அரை ஸ்வர இடைவெளியே வராது. மெட்டும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. அதனால், சுருதி பிடிக்கத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைகூட கிட்டத்தட்டச் சரியாகப் பாடிவிடும். எந்த ஊர்க் குழந்தைக்கும் இது அந்நியமாகப் படாது.

அதற்கு ஒரு சாட்சியும் உண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 ஆகஸ்ட். பசிபிக் கடலில் சாலமன் தீவுகளுக்குப் பக்கத்தில், பிடி-109 என்ற அமெரிக்க ரோந்துப் படகை ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் இடித்து இரண்டாகப் பிளந்தது. படகின் தலைவர் 26 வயது ஜான் எஃப் கென்னடி. பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே கென்னடிதான். உயிர் தப்பியவர்கள் 11 பேர். நாள்கணக்கில் ஆளில்லாத் தீவில் கிடந்த அவர்களைக் கண்டுபிடித்து, உதவி வரச் செய்தவர்கள் உள்ளூர்த் தீவுவாசிகள். மீட்புப் படகில் திரும்பும்போது, மாலுமி ஒருவரும், மிஷன் பள்ளியில் படித்திருந்த தீவுவாசிகள் இரண்டு பேரும் தோளில் கைபோட்டபடி ஒரு பாட்டுப் பாடினார்கள். மூன்று பேருக்கும் தெரிந்திருந்த அந்தப் பாட்டு 'ஜீசஸ் லவ்ஸ் மீ'. பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி 1944-ல் 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையை இந்தக் காட்சியோடுதான் முடித்தார்.

நிறம் வேறு, மொழி வேறு, ஊர் வேறு. பாட்டு மட்டும் ஒன்று. மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவர்களின் வாயில் முதலில் வந்தது, குழந்தையாக இருந்தபோது கற்றுக்கொண்டதுதான்.

9,000 பக்கம் எழுதியவரின் முதல் பாடப்புத்தகம்

'இதெல்லாம் சும்மா சென்டிமென்ட். வளர்ந்து, படித்து, கேள்வி கேட்க ஆரம்பித்தால் இந்தப் பாட்டெல்லாம் நிற்குமா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் உண்டு. 20-ம் நூற்றாண்டின் மிகப்பெரிய கிறிஸ்தவ இறையியலாளர்களில் ஒருவரான கார்ல் பார்த்.

1886-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பிறந்தவர். ஜெர்மனியின் பெரிய பெரிய பேராசிரியர்களிடம் படித்தார். 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. அவர் மதித்த ஆசிரியர்களில் பலர், ஜெர்மனியின் போரை நியாயப்படுத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களிடம் கற்ற இறையியலே அவருக்கு ஆட்டம் கண்டது. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, திருச்சபை எந்தத் தலைவனுக்கும் அடிமை இல்லை என்று அறிவித்த 1934-ம் வருட பார்மன் பிரகடனத்தை எழுதியதில் முக்கியப் பங்கு இவருக்குத்தான். ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பான் பல்கலைக்கழக வேலை போனது. 1935-ல் பாசலுக்கே திரும்பினார்.

அவர் எழுதிய 'திருச்சபை இறையியல்' நூல்வரிசை 9,000 பக்கங்களைத் தாண்டும். அதில் 1955-ல் வெளிவந்த ஒரு பாகத்தில், நடுவில் சட்டென்று ஒரு பழைய பெயரைக் கொண்டுவருகிறார்: ஆபெல் பர்க்ஹார்ட். பாசல் பெருங்கோயிலின் போதகராக இருந்தவர். உள்ளூர்ப் பேச்சு வழக்கில் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். அந்தப் பாட்டுகள்தான் தன்னுடைய முதல் இறையியல் பாடப்புத்தகம் என்று பார்த் எழுதுகிறார். கிறிஸ்துமஸ், குருத்தோலை ஞாயிறு, புனித வெள்ளி, ஈஸ்டர்... எல்லாமே அந்தப் பாட்டுகளில் ஏதோ தூர தேசத்துச் சம்பவமாக இல்லாமல், இன்று காலை பாசல் தெருவில் நடந்த மாதிரி இருந்ததாம். பின்னால் எத்தனையோ தத்துவங்கள், எத்தனையோ இறையியல் பிரிவுகள் வழியாகப் போனபோதும், தன்னை மூல விஷயத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது அந்தக் குழந்தைத்தனமான எளிமைதான் என்கிறார்.

1962-ல் அவர் அமெரிக்கா போனபோது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவமும் பிரபலம். 'உங்கள் இறையியல் முழுவதையும் ஒரு வரியில் சொல்ல முடியுமா?' என்று கேட்டார்களாம். அம்மாவிடம் கற்ற பாட்டு என்று சொல்லி, 'ஜீசஸ் லவ்ஸ் மீ' வரியைப் பதிலாகத் தந்தாராம். சம்பவத்தைச் சொல்பவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால், பர்க்ஹார்ட் பற்றி அவரே எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்தப் பதில் ஆச்சர்யமாக இருக்காது.

கவனியுங்கள். அவர் கேள்வி கேட்காமல் பாட்டையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் வந்தார். திரும்பி வர ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது பாட்டு.

தாய்மொழியில் பாடினால்?

பர்க்ஹார்ட் பாட்டுகளின் ரகசியம், அவை வீட்டில் பேசும் மொழியில் இருந்தது. இது நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்தும். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலத்திலிருந்தே ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வந்தன; மெட்டு ஜெர்மன் மெட்டேதான். அந்த மரபு இன்றைக்கும் பாமாலையாகத் தொடர்கிறது.

இன்னொரு ஓடை, கீர்த்தனை. 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரை, சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனாகவே தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பின்னாளில் மன்னரான சரபோஜியும் சுவார்ட்ஸிடம் படித்தவர். தஞ்சாவூர் இசையிலேயே வளர்ந்த சாஸ்திரியார், கிறிஸ்தவ விசுவாசத்தைக் கர்நாடக ராகங்களில் பாடினார். குறவஞ்சி என்ற நம்ம இலக்கிய வடிவத்திலேயே 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். இன்றைக்கும் ஒரே ஆராதனையில் ஒரு பாமாலையும் ஒரு கீர்த்தனையும் அடுத்தடுத்து வருகிறதே... இரண்டு ஓடையும் சேரும் இடம் அதுதான். நெல்லைச் சீமையில் எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பாட்டிகள் சரணம் விடாமல் கீர்த்தனை பாடுவார்கள். அவர்களுக்கு அதுதான் வேதாகமம், அதுதான் இறையியல்.

நம்பிக்கை போனாலும் பாட்டு போகாதா?

சின்ன வயதில் பாட்டுக் கற்ற எல்லோரும் பார்த் மாதிரி திரும்பி வருவார்களா? இல்லை. பார்த் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1885-ல், இங்கிலாந்தின் ஈஸ்ட்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர் டி.ஹெச்.லாரன்ஸ். புகழ்பெற்ற நாவலாசிரியர். சின்ன வயதில் சர்ச்சிலும் சண்டே ஸ்கூலிலும் பாடியே வளர்ந்தவர். 16 வயதிலேயே கிறிஸ்தவக் கோட்பாடுகளைக் கேள்வி கேட்டு வெளியே வந்துவிட்டார்.

ஆனால், 1928-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார்: உலகத்தின் சிறந்த கவிதைகளைவிட, சின்ன வயதில் பாடிய அந்தச் சாதாரணப் பாட்டுகள்தான் தனக்குள் ஆழமாக இருக்கின்றன. கலிலேயா என்ற சொல்லே அவருக்குள் ஓர் உலகத்தை உண்டாக்கியதாம். நிஜமான இடத்தைப் போய்ப் பார்க்கக்கூட அவருக்கு விருப்பமில்லை. அந்த வியப்பு கலைந்துவிடுமே! கோட்பாடு உதிர்ந்தது, வியப்பு தங்கியது.

ஆகவே ஒன்று தெளிவு. பாட்டு, விசுவாசத்துக்கு கியாரன்டி கார்டு இல்லை. 'சின்ன வயசுலயே பாட்டு சொல்லிக்கொடுத்துட்டோம், இனி பிள்ளை எங்கேயும் போகாது' என்று எந்தப் பெற்றோரும் நினைக்க வேண்டாம். பாட்டு யாரையும் கட்டிப்போடாது. போனவர்களோடும் கூடவே போகும், அவ்வளவுதான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பாட்டில் ஒரு வரி அடுத்த வரியை இழுத்து வரும். எதுகை ஒரு கொக்கி, தாளம் ஒரு கொக்கி, மெட்டு ஒரு கொக்கி, கை அசைவு ஒரு கொக்கி. உரைநடையில் சொன்ன செய்திக்கு இத்தனை கொக்கிகள் கிடையாது. அதோடு, வாராவாரம் அதே ஆட்களோடு பாடுகிறோம். பாட்டோடு சேர்ந்து அந்த அறை, அந்த டீச்சர், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ், அசனச் சாப்பாட்டு வாசனை எல்லாம் ஒரே பொட்டலமாக உள்ளே போகிறது.

பக்கவாதம் வந்து பேச முடியாமல் போன சிலரால், பழகிய பாட்டை வார்த்தையோடு பாட முடிகிறது. பேச்சுக்கு மூளையின் இடது பக்கம்தான் பெரும்பாலும் பொறுப்பு. பாடும்போது வலது பக்கமும் கைகொடுக்கிறது. இதை வைத்தே, ராகம் போட்டுப் பேசப் பழக்கும் ஒரு சிகிச்சை முறை 1970-களில் அமெரிக்காவில் உருவானது. அல்சைமர் நோயிலும், நெடுங்காலம் பழகிய பாட்டின் நினைவு மற்ற நினைவுகளைவிடத் தாக்குப்பிடிப்பது உண்டு. பெற்ற மகனின் பெயரே வராத பாட்டி, பக்கத்தில் யாராவது பழைய பாட்டைத் தொடங்கினால் சரணத்தை எடுத்துக் கொடுப்பது இதனால்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எல்லா ஞாபகமும் உதிர்ந்த பிறகு ஒரு மனிதருக்குள் மிச்சம் இருப்பது அந்தப் பாட்டின் வார்த்தைகள் என்றால், அந்த வார்த்தைகள் என்னவாக இருக்க வேண்டும்?

கொஞ்சம் எச்சரிக்கையும் தேவை

இதுதான் ரொம்ப முக்கியமான இடம். புரிவதற்கு முன்பே உள்ளே போகும் வழி என்றால், தப்பான விஷயமும் அதே வழியில் போகும்தானே?

அயர்லாந்தில் வாழ்ந்த செசில் ஃபிரான்சஸ் அலெக்ஸாண்டர் 1848-ல் குழந்தைகளுக்காக ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். கடவுள் படைத்த பூ, பறவை, மலை என்று எல்லாவற்றையும் அடுக்கும் அவருடைய 'ஆல் திங்ஸ் பிரைட் அண்ட் பியூட்டிஃபுல்' இன்றைக்கும் உலகம் முழுவதும் பாடப்படுகிறது. ஆனால், அதன் மூலத்தில் ஒரு சரணம் இருந்தது. பணக்காரன் மாளிகையில் இருப்பதும், ஏழை அதன் வாசலில் நிற்பதும் கடவுளே வகுத்த ஏற்பாடு என்ற அர்த்தம் அதற்கு. அயர்லாந்தில் பெரும்பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை! இன்று பல பாட்டுப் புத்தகங்கள் அந்தச் சரணத்தை நீக்கிவிட்டன. ஆனால், அதைப் பாடி வளர்ந்த தலைமுறைகள் உண்டு. ஏழையைப் பார்த்ததும் 'அது அவன் விதி' என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்த எண்ணம் எந்த வயதில் எந்த மெட்டில் உள்ளே வந்தது என்று அவருக்கே தெரியாது.

பயமுறுத்தும் பாட்டுக்கும் இது பொருந்தும். தப்புச் செய்தால் நரகம் என்று ஐந்து வயதில் பாடிய குழந்தைக்கு, 30 வயதில் ஜெபிக்க உட்காரும்போதும் நெஞ்சுக்குள் ஒரு நடுக்கம் இருக்கலாம். அன்பைப் பாடிய குழந்தைக்கு அந்த இடத்தில் வேறொன்று இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, 1,600 வருஷம் பழையது. புனித அகுஸ்தினார் தன் 'ஒப்புதல்கள்' நூலில், பாடப்படும் செய்தியைவிடப் பாடும் குரலில் மயங்கிப்போவதை நினைத்துத் தன்னையே கடிந்துகொள்கிறார். ஆனால், அம்மா மோனிக்கா இறந்தபோது அவரைக் கொஞ்சமாவது தேற்றியது, மிலான் ஆயர் அம்புரோஸ் எழுதிய ஒரு மாலைப் பாட்டு. இசையைச் சந்தேகித்தவருக்கும் துக்கத்தில் கைகொடுத்தது இசைதான். கண்ணீர் வந்துவிட்டால் அதுவே விசுவாசம் ஆகிவிடாது. அதற்காக அந்தக் கண்ணீர் பொய்யும் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. உங்கள் பாட்டைக் கண்டுபிடியுங்கள். பயமோ துக்கமோ வரும்போது, யோசிக்காமலேயே வாயில் வரும் பாட்டு எது? அதன் வார்த்தைகளை, முதல் முறை பார்ப்பதுபோல மெதுவாக ஒருமுறை படியுங்கள். இதைத்தான் நீங்கள் இன்றைக்கும் நம்புகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

2. விட்டுப்போன சரணங்களைத் தேடுங்கள். நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் பல்லவியும் முதல் சரணமும்தான். சின்ன வயதில் தேவைப்படாத வரி, இப்போது தேவைப்படலாம்.

3. சண்டே ஸ்கூலிலோ, வி.பி.எஸ்-லோ வகுப்பெடுக்கிறீர்களா? புதுப் பாட்டைத் தேர்வு செய்யும்போது மெட்டு கேட்சியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இந்தக் குழந்தை 70 வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதை முணுமுணுத்தால் ஆறுதலாக இருக்குமா, பயமாக இருக்குமா? இந்த ஒரு கேள்வி போதும்.

4. வீட்டில் சேர்ந்து பாடுங்கள். குழந்தை கையில் போனைக் கொடுத்து யூடியூபில் ஓடவிட்டால் மெட்டு பதியும். ஆனால், பாட்டோடு ஓர் ஆளின் முகமும் குரலும் பதிய வேண்டாமா? சுருதி சேரவில்லை என்று கவலைப்படாதீர்கள். எந்தக் குழந்தையும் அம்மா அப்பாவுக்கு மார்க் போடுவதில்லை.

5. ஞாபகமறதி உள்ள தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், 'நான் யாருன்னு தெரியுதா?' என்று கேட்டுச் சோதிக்காதீர்கள். அவர்கள் காலத்துப் பாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். தொடர்ந்தால் சந்தோஷம். தொடராவிட்டாலும் நீங்கள் பாடுவது அவர்களுக்குக் கேட்கும்.

தாத்தா பாட்டி இன்னும் தெம்பாக இருக்கிறார்களா? அப்படியென்றால் இந்த வாரமே ஒரு போன் போடுங்கள். 'சின்ன வயசுல நீங்க பாடின பாட்டு எது? யார் சொல்லிக்கொடுத்தாங்க?' என்று கேட்டு, பாடச் சொல்லி ரெக்கார்டு செய்துவையுங்கள். அந்தத் தலைமுறையின் பாட்டுகள் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாடுகிறவர்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.